மூக்குச் சதைக்கு பயோலொஜிக் ஊசி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் அக்காவுக்கு மூக்கில் சதை. பதினோரு வருடமாகிறது. இரண்டு தடவை ஒப்பரேஷன் செய்து, இரண்டு தடவையும் மறுபடி வளர்ந்து, போன வருடத்திலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு முறை பயோலொஜிக் ஊசி (உயிரணுக்களில் வளர்த்து எடுக்கிற எதிர்ப்புப் புரத மருந்து) போட்டு வருகிறோம். ஊசி ஏறுவது அக்காவின் கையில்தான், ஆனால் ஹட்டனிலிருந்து கண்டிக்கு ஒவ்வொரு தடவையும் கிளினிக் கொப்பியும் ஐஸ் பெட்டியுமாகக் கூடப் போகிறவன் நான் என்பதால் "போடுகிறோம்" என்றே வாயில் வருகிறது.

நான் டொக்டர் இல்லை. ஊசியைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் காது மூக்கு தொண்டை டொக்டரின் வேலை. அவர் முன்னால் போய் உட்காருமுன் என்னென்ன முடித்திருக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், வீட்டில் எதில் சறுக்குவோம் என்பதைத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை, இடறி இடறித்தான் தெரிந்துகொண்டோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊசி நோயை வேரோடு பிடுங்காது, போடும்வரை அடக்கி வைக்கும். நிறுத்தினால் பலருக்குச் சதை மெல்லத் திரும்பும். நாலு வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 13 தடவை. ஆகவே முதல் ஊசிக்குக் காசு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். ஏழாவதுக்கு இருக்கிறதா, ஆறு மாதத்தில் எதைப் பார்த்து "சரி, தொடரலாம்" என்றோ "போதும், நிறுத்தலாம்" என்றோ முடிவு எடுப்போம், இதை முதல் ஊசிக்கு முன்பே டொக்டரோடும் வீட்டாரோடும் பேசி வையுங்கள். நாங்கள் பேசாமல் தொடங்கி நடுவில் முழித்தோம்.

இது எந்த மூக்குக்கு

நம் பக்கம் மூக்கடைப்பு, தலைப்பாரம், சளி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், பீனிசம். பனி விழுந்தால் பீனிசம், தூசு பட்டால் பீனிசம். ஆனால் இங்கே பேசுவது அதில் ஒரு வகையை மட்டும்: 12 வாரத்துக்கு மேல் விடாமல் இருக்கிற சைனஸ் அழற்சி, அதோடு மூக்கின் இரண்டு பக்கமும் சதை. கமரா விட்டுப் பார்த்தால் தோல் உரித்த திராட்சை மாதிரி வெளிறி, வழவழவென்று தொங்கும். வலிக்காது. அடைக்கும், ஒழுகும், வாசனையை எடுத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் சதை, அதிலும் இரத்தம் கசிகிறது என்றால் அது வேறு கதை. அதைக் கட்டாயம் டொக்டரிடம் காட்டி, தேவைப்பட்டால் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அந்த மூக்குக்கு இந்தக் கட்டுரை வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள்.

வாசனை போவதைச் சின்ன விஷயம் என்று நாங்களும் நினைத்தோம். 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார், அடுப்பு முனை பாதி திறந்து காஸ் போய்க்கொண்டிருக்கிறது, வாசலில் நின்ற எனக்கு மூக்கைத் துளைக்கிறது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இது உயிர் போகிற காரியம் என்று எனக்கு உறைத்தது.

கழுவுதலும் ஸ்ப்ரேயும் ஒழுங்காக நடந்ததா

இந்தக் கேள்வியை டொக்டர் கட்டாயம் கேட்பார். "ஸ்ப்ரே அடிச்சேன் டொக்டர், கேக்கல" என்று சொல்லுமுன் எப்படி அடித்தீர்கள் என்று பாருங்கள். அக்கா எட்டு வருடம் தலையை அண்ணாந்து வைத்து, நேராக நடுத்தண்டைப் பார்த்து அடித்து, உடனே பலமாக உறிஞ்சினார். மருந்து முழுக்கத் தொண்டைக்குப் போனது, மிச்சம் நடுத்தண்டில் பட்டு இரத்தம் கசிந்தது. சரியான முறை இதுதான்: தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் பிடித்து, முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். பலமாக உறிஞ்சக்கூடாது. புளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீரோய்ட் ஸ்ப்ரே எதுவானாலும் ஒரு நாளில் பலன் காட்டாது, வாரக்கணக்கில் விடாமல் அடிக்க வேண்டும்.

அதற்கு முன் உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். சுமார் 240 மில்லிலீட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சோடா மாவு. இதில் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: பீலித் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடாதீர்கள். குடிக்கிறோமே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். வயிற்றில் அமிலம் இருக்கிறது, மூக்கில் இல்லை. கொதிக்க வைத்து ஆற விட்டுத்தான் பாவிக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஆகவே குமிழி கிளம்பியதும் இறக்காமல் மூன்று நிமிடம் விடுங்கள். கழுவுகிற போத்தலையும் அதே தண்ணீரில் அலசிக் காய வையுங்கள்.

ஊசி தொடங்கிய பிறகும் இந்த இரண்டையும் விடக்கூடாது. ஊசி போடுகிறோமே, இனி எதற்கு ஸ்ப்ரே என்று அக்கா ஒரு மாதம் நிறுத்திப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

காகிதங்களைச் சேருங்கள், பிறகு இரத்தம், பிறகு புழு மருந்து

பழைய ஒப்பரேஷன் காகிதங்களைத் தேடி எடுங்கள். அதிலும் வெட்டிய சதையை லாபில் பார்த்த ரிப்போர்ட் முக்கியம். அதில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு எவ்வளவு இருந்தது என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அது அரிசி டின்னுக்குள் ரேஷன் புத்தகத்தோடு கிடைத்தது.

ஈசினோபில் ஏன் முக்கியம்? மூக்குச் சதை எல்லாமே ஒரே காரணத்தால் வருவதில்லை. பலருக்கு அது டைப் 2 அழற்சி எனப்படும் வகை. உடம்பின் எதிர்ப்புப் படை தேவையில்லாமல் கொதித்து, இன்டர்லியூக்கின் 4, 5, 13 என்ற தூதுப் பொருட்களைச் சுரந்து, ஈசினோபிலைக் கூட்டம் கூட்டமாக மூக்குச் சவ்வுக்கு அழைக்கும், சவ்வு வீங்கித் தண்ணீர் கோர்த்துச் சதையாகத் தொங்கும். பயோலொஜிக் ஊசிகள் இந்தத் தூதர்களையோ இதே படையின் வேறு ஆட்களையோ பிடித்துக் கட்டிப்போடுகின்றன. தூதரே இல்லாத மூக்கில் இந்த ஊசிக்குப் பெரிதாக வேலை இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இரத்தப் பரிசோதனை.

எடுக்க வேண்டியவை முழு இரத்தப் பரிசோதனை, மொத்த ஐஜிஈ (ஒவ்வாமையில் ஏறுகிற ஒரு எதிர்ப்புப் புரதம்). ரிப்போர்ட்டில் ஈசினோபில் பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம் நிம்மதி அடையவும் வேண்டாம், எண்ணிக்கையாக்கிப் பாருங்கள். வெள்ளை அணு 8,000, ஈசினோபில் 6 சதவீதம் என்றால் 8,000 இல் 6 சதவீதம், அதாவது 480.

இங்கேதான் எங்களுக்கு ஒரு சறுக்கல். மூக்கு முழுக்க அடைத்துப்போய் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோய்ட் குளிசை குடித்து முடிக்கிற கடைசி நாளில் இரத்தம் கொடுத்தோம். ஈசினோபில் 40 என்று வந்தது. இந்த ஊசிக்கு ஆளே இல்லை என்கிற மாதிரி. டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன குளிசை குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். ஸ்டீரோய்ட் குளிசை ஈசினோபிலை அப்படியே அமுக்கிவிடும். நாலு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் 520. குளிசை குடித்துக்கொண்டிருந்தால் லாபுக்குப் போகுமுன் டொக்டரிடம் சொல்லி நாளை மாற்றுங்கள். இரத்தம் எடுப்பதற்காக நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் கூடாது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இந்த எண் ஏமாற்றும். வயிற்றில் புழு இருந்தாலும் ஈசினோபில் ஏறும், ஐஜிஈயும் ஏறும். வெறுங்காலோடு மலையில் நின்று கொழுந்து பறித்தவர்கள், லயத்துக்குப் பின்னால் ஈர மண்ணில் விளையாடி வளர்ந்தவர்கள் நாம். கொக்கிப்புழு அந்த மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்துத்தான் உள்ளே வருகிறது. இந்த ஊசிகள் தடுக்கிற அதே எதிர்ப்புப் படைதான் உடம்பில் புழுவோடும் சண்டை போடுகிறது, அதனால் புழு இருந்தால் முதலில் அதை ஒழித்துவிட்டு ஊசியைத் தொடங்கு என்பதுதான் மருத்துவ விதி. ஐரோப்பாவில் எழுதிய வழிகாட்டிகளில் இது ஒரு வரியோடு போய்விடும். நமக்கு இது ஒரு படி. தோட்டத்து மருந்தகத்தில் மெபெண்டசோல் ஒன்றை வாங்கி விழுங்கினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், எல்லாப் புழுவும் அதற்கு மசியாது. மலப் பரிசோதனை செய்து, எந்த மருந்து என்று டொக்டரே சொல்லட்டும். அக்கா முகம் சுளித்தார், "மூக்குக்கு வந்த ஆள்கிட்ட எதுக்குடா மலம் கேக்குறாங்க" என்று. கேட்கிறவர்கள் நல்ல டொக்டர்கள்.

மிச்சப் பரிசோதனைகள் வழக்கமானவை: மூக்குக் கமரா, சைனஸ் சிடி ஸ்கேன், இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் ஊதிப் பார்க்கும் பரிசோதனை.

இழுப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இழுப்பும் மூக்குச் சதையும் சேர்ந்து இருக்கிற சிலருக்கு அஸ்பிரின், புரூபன், டைக்குளோபெனாக் போன்ற வலி மருந்துகள் ஆகாது. குடித்து ஒரு மணி, இரண்டு மணிக்குள் மூக்கு அடைத்து, கண் சிவந்து, நெஞ்சு இறுகும். அப்படி ஒருமுறையாவது நடந்திருந்தால் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள். பனடோல் பெரும்பாலும் தாங்கும்.

ஊசிக்குத் தகுதியா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்

ஐரோப்பிய மூக்கு டொக்டர்கள் சேர்ந்து வெளியிட்ட ஈபோஸ் 2020 என்ற வழிகாட்டியைத்தான் பலர் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் சதை, சைனஸ் ஒப்பரேஷன் ஏற்கனவே ஆகியிருக்கிறது என்றால், ஐந்தில் மூன்று பொருந்த வேண்டும். டைப் 2 அழற்சிக்குச் சான்று, அதாவது இரத்தத்தில் ஈசினோபில் 250 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் ஐஜிஈ 100 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் வெட்டிய சதையில் ஈசினோபில் நிறைய. வருடத்தில் இரண்டு தடவையாவது ஸ்டீரோய்ட் குளிசை தேவைப்பட்டது. வாழ்க்கை பாதிக்கப்பட்ட அளவு ஒரு கேள்வித்தாளில் 40 அல்லது அதற்கு மேல். வாசனை நன்றாகப் போய்விட்டது. தினமும் பம்ப் அடிக்க வேண்டிய இழுப்பு. பிறகு 2023 இல் ஈசினோபில் எல்லையை 150 க்கு இறக்கினார்கள்.

அந்தக் கேள்வித்தாளின் பெயர் ஸ்னொட் 22. மூக்கடைப்பு, தும்மல், தூக்கம், களைப்பு என்று 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 இலிருந்து 5 வரை, மொத்தம் 110. டொக்டரிடம் கேட்டு வாங்கி, தமிழில் வாசித்து நிரப்ப உதவுங்கள். நம் ஆட்களிடம் "தூக்கம் எப்படி?" என்று கேட்டால் "பரவால்ல" என்பார்கள். பதினோரு வருடம் வாயால் மூச்சு விட்டுத் தூங்கியவருக்கு அது பரவாயில்லை மாதிரித்தான் இருக்கும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள்: ராத்திரி எத்தனை தடவை எழும்பினாய், காலையில் வாய் காய்ந்திருந்ததா? அக்காவுக்கு முதல் தடவை 68 வந்தது. தேதி போட்டு கொப்பியில் ஒட்டினோம். அந்தத் தாள் பிறகு எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்தது, கீழே சொல்கிறேன்.

ஒப்பரேஷன் ஒருமுறைகூடச் செய்யாதவர் நேரே ஊசிக்குப் போகலாமா என்று கேட்பார்கள். என் அபிப்பிராயம், அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிற நல்ல சைனஸ் ஒப்பரேஷனை முதலில் பாருங்கள். பலருக்கு அதுவும் கழுவுதலும் ஸ்ப்ரேயும் வருடக்கணக்கில் போதுமாக இருக்கிறது. மயக்க மருந்து தாங்காத உடம்பு என்றால் அது வேறு.

எந்த ஊசி

இவை எல்லாம் "மாப்" என்று முடியும். உயிருள்ள அணுக்களில் வளர்த்து எடுக்கிற எதிர்ப்புப் புரதங்கள் என்பதற்கு அடையாளம் அந்தக் கடைசி எழுத்து. சீன ஹாம்ஸ்டர் என்ற குட்டி எலியின் அணுவில் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள் என்று கேட்டதும் அக்கா ஊசியே வேண்டாம் என்றார், ஒரு வழியாகச் சமாளித்தோம். புரதம் என்பதால்தான் குளிசையாக விழுங்க முடியாது, வயிறு அதைப் பருப்பு மாதிரிச் செரித்துவிடும். விலை ஏறி நிற்பதற்கும், குளிர் தேவைப்படுவதற்கும் காரணம் அதே.

மூக்குச் சதைக்கென்று அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது டுபிலுமாப், 2019 ஜூனில். 724 பேரை வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகளின் பலத்தில். இன்டர்லியூக்கின் 4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கும். பெரியவர்களுக்கு 300 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒமாலிசுமாப் 2020 கடைசியில் வந்தது, ஐஜிஈயைப் பிடிக்கும். இழுப்புக்கு 2003 இலிருந்தே இருக்கிற மருந்து, ஆகவே நம் டொக்டர்களுக்கும் பழக்கம் அதிகம். இதன் அளவு எடையையும் ஐஜிஈயையும் வைத்து ஒரு அட்டவணையில் பார்க்கப்படும், இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு முறை. மெபோலிசுமாப் 2021 ஜூலையில், இன்டர்லியூக்கின் 5 ஐத் தடுக்கும், 100 மில்லிகிராம், நாலு வாரத்துக்கு ஒன்று. டெசெபெலுமாப் 2025 இல் கடைசியாகச் சேர்ந்தது.

எது நல்லது? 2025 இல் டுபிலுமாப்பையும் ஒமாலிசுமாப்பையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வில், சதையோடு இழுப்பும் உள்ளவர்களிடம் டுபிலுமாப்தான் முந்தியது. இருந்தும் அக்காவுக்குப் போடுவது ஒமாலிசுமாப். டொக்டருக்குக் கை பழகிய மருந்து, மாதாமாதம் தட்டாமல் வரவழைக்க முடிந்த மருந்து, அக்காவின் ஐஜிஈ அதற்குப் பொருந்தியது. புத்தகத்தில் முதலாவதாக இருக்கிற ஊசி நடுவில் மூன்று மாதம் கிடைக்காமல் போவதைவிட, இரண்டாவதாக இருப்பது ஒழுங்காகக் கிடைப்பது எனக்கு மேல். டொக்டரிடம் நேராகக் கேளுங்கள்: இதை எங்கிருந்து எடுப்பது, போன ஒரு வருடத்தில் தட்டுப்பாடு வந்ததா, ஒமாலிசுமாப் என்றால் மலிவான ஒப்புமை மருந்து (அதே மாதிரி வேறு கம்பெனி செய்வது) கிடைக்குமா?

காசும் பதிவும்

நம் அரச ஆஸ்பத்திரியில் கிளினிக் இலவசம், ஒப்பரேஷன் இலவசம். இந்த மாதிரி ஊசிக்கு மட்டும் தனிப் பேச்சு. சில மருந்துகளை ஒரு நோயாளியின் பெயர் குறித்து ஆஸ்பத்திரி வழியாகக் கேட்டு வரவழைக்கிற முறை உண்டு, உங்களுக்கு அது பொருந்துமா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். வெளியே காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் எழுதிய துண்டை வைத்துக்கொண்டு இது நடக்காது, அரச கிளினிக்கில் கொப்பி போட்டிருக்க வேண்டும். ஹட்டன் பக்கத்து ஆட்கள் டிக்கோயா ஆஸ்பத்திரியில் காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு கண்டி தேசிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் பதுளை பெரியாஸ்பத்திரி. ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், ஆனால் உங்கள் நோய் அவர்கள் பட்டியலில் வருமா என்று விசாரித்துவிட்டுப் படிவம் நிரப்புங்கள்.

அக்காவுக்கு மருமகன் கட்டாரிலிருந்து அனுப்புகிறான். அவனிடம் ஆறு மாதக் கணக்கைச் சொல்லித்தான் வாங்கினோம், ஒரு மாதக் கணக்கை இல்லை. பஸ் காசு, கூடப் போகிறவருக்கு அன்றைக்குப் போகிற பேர் (நாட்சம்பளம்), இவற்றையும் அதில் சேருங்கள்.

மலிவு என்று யாரோ பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருகிற ஊசியை வாங்காதீர்கள். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி அரச ஆஸ்பத்திரிகளுக்கே வந்து நாடு அல்லோலகல்லோலப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்டியில் தொகுதி எண், காலாவதித் தேதி, இறக்குமதி செய்தவர் விபரம், தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் மேல்பக்கத்தை ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன், பில்லையும் சேர்த்து.

குளிர்

ஊசி 2 இலிருந்து 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நம் ஊரே குளிர்தானே என்று அலமாரியில் வைக்கக்கூடாது, நுவரெலியாக் குளிரும் அதற்குப் போதாது. சூடாவதைவிட மோசம் உறைவது. உறைந்த ஊசி உருகினாலும் குப்பைக்குத்தான்.

எங்களுக்கு நடந்தது: கண்டியில் ஒரு பாமசியில் முதல் நாளே ஊசியை வாங்கி ஹட்டனுக்குக் கொண்டுவந்தோம், அடுத்த நாள் வீட்டுப் பக்கத்திலேயே போட்டுவிடலாம் என்ற நினைப்பில். பாமசிக்காரப் பையன் நல்ல மனதோடுதான் செய்தான், பொலித்தீன் பைக்குள் ஐஸ் கட்டியும் ஊசிப் பெட்டியும் ஒன்றாக. வட்டவளையில் மண் சரிந்து பஸ் மூன்று மணி நேரம் நின்றது. வீட்டில் திறந்து பார்த்தால் பெட்டி ஐஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட்டுவிடலாமா என்று அக்கா கேட்டார், அவ்வளவு காசு. டொக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன், போடவே வேண்டாம் என்றார்.

இப்போது ரெஜிபோம் பெட்டி வைத்திருக்கிறோம். அடியில் ஐஸ் பை, அதன்மேல் மடித்த துவாய், அதன்மேல் ஊசிப் பெட்டி. ஐஸ் நேராகப் படக்கூடாது. வீட்டு பிரிஜ்ஜில் வைப்பதானால் நடுத்தட்டு, கதவில் வேண்டாம், பின்சுவரில் முட்டவும் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். டுபிலுமாப் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, பெட்டிக்குள்ளேயே 25 பாகைக்கு மேல் போகாமல் வெளியே 14 நாள் வரை தாங்கும், ஆனால் அப்படி வெளியே எடுத்ததை அந்த 14 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். மற்ற ஊசிகளுக்குக் கணக்கு வேறு வேறு, உங்கள் பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தைப் பாருங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைநாட்டுப் பாதைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்த பிறகு இன்னொன்றையும் கேட்டு வைத்தோம்: ஊசி நாள் தவறினால் என்ன செய்வது? இரண்டு வார டுபிலுமாப் என்றால் 7 நாளுக்குள் போட முடிந்தால் போட்டுவிட்டுப் பழைய தேதிகளையே தொடரலாம், அதைத் தாண்டினால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டும். எந்த மருந்தானாலும் தவறியதற்குச் சேர்த்து இரட்டிப்பாகப் போடக்கூடாது.

ஊசி நாள்

அக்காவுக்கு 300 மில்லிகிராம், ஒரே நாளில் இரண்டு ஊசி, கைக்கு ஒன்று. முதல் மூன்று தடவை ஊசிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வேண்டும், பிறகு அரை மணி நேரம். ஒமாலிசுமாப்புக்கு அரிதாக, ஆயிரத்தில் ஒருவர் இருவர் கணக்கில், உடம்பு முழுக்க ஒவ்வாமை பொங்கி மூச்சுத் திணறலாம். "பஸ்ஸுக்கு நேரமாச்சு மிஸ்" என்று கெஞ்சிக் கிளம்பாதீர்கள். திரும்பும் வழியில் தொண்டை இறுகினால், உதடு வீங்கினால், தலை சுற்றினால் 1990 ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டில் போடக் கற்றுக்கொடுத்திருந்தால் (டுபிலுமாப், மெபோலிசுமாப்புக்கு இது சாதாரணம்) பிரிஜ்ஜிலிருந்து எடுத்து அரை மணி, முக்கால் மணி வெளியே வைத்து, குலுக்காமல், தொடையிலோ வயிற்றிலோ தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றுங்கள். சுடுநீரில் வைத்துச் சூடாக்காதீர்கள்.

ஊசி போட்ட இடம் சிவப்பது, தடிப்பது சாதாரணம். டுபிலுமாப்புக்குச் சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும், மெபோலிசுமாப்புக்குத் தலைவலி வரும், அக்கி வரலாம். எந்த ஊசியானாலும் கை கால் விறைத்தால், தோலில் புதுத் தடிப்பு வந்தால், அதிலும் ஸ்டீரோய்ட் குளிசையைக் குறைக்கிற நாட்களில், அடுத்த கிளினிக்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி ஏதாவது போட வேண்டியிருந்தால் இந்த ஊசியைத் தொடங்குமுன் கேளுங்கள். பிள்ளை பெறுகிற யோசனை இருந்தால் அதையும். இழுப்புப் பம்பையும் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆறு மாதக் கணக்கு

முதல் மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மாதமும் அடைப்புதான். மூன்றாவது ஊசிக்குக் கண்டி போகும்போது கினிகத்தேனை இறக்கத்தில் அக்கா என் தோளைத் தட்டினார். "டேய், என்னமோ கருகுது." பஸ்ஸில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, நானும் இல்லை என்றேன். அடுத்த வளைவில் எனக்கும் வந்தது, பிரேக் கருகுகிற வாடை. பதினோரு வருடத்துக்குப் பிறகு அக்கா முதலில் மோந்த வாசனை அது. மல்லிகை என்றோ பிட்டு என்றோ எழுத எனக்கும் ஆசைதான்.

ஆனால் ஒரு வாடையை நம்பி ஆறு மாதக் காசைப் போட முடியாது. நாலாவது மாதம் மறுபடி அடைத்தது, "காசு வீண்" என்று அக்கா, "இன்னும் பாரு" என்று நான், வீட்டில் பெரிய சண்டை. ஆறாவது மாதத்தில் அதே 22 கேள்வித்தாளை நிரப்பினோம். 31. பழைய தாளில் 68. 9 புள்ளியாவது இறங்கினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், இங்கே 37. டொக்டர் பார்த்தவை இவை: சதை சுருங்கியதா என்று கமராவில், ஸ்டீரோய்ட் குளிசை தேவைப்பட்டதா (ஒருமுறைகூட இல்லை), வாசனை, இழுப்பு, இந்தப் புள்ளி. எதிலுமே அசைவு இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு ஊசியா, மறு ஒப்பரேஷனா என்று பேச வேண்டும், இன்னும் ஒரு மூன்று மாதம் பார்ப்போம் என்று இழுக்கக்கூடாது.

வீட்டில் நீங்களும் ஒரு பரிசோதனை வைக்கலாம். கண்ணைக் கட்டி, கோப்பித்தூள், சவர்க்காரம், மிளகு, பெருங்காயம், வெறும் தட்டு, ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே. மாதம் ஒரு தடவை, அதே ஐந்து. வெறும் தட்டை மறக்காதீர்கள், அக்கா முதல் மாதம் அதற்கும் "பெருங்காயம்" என்றார்.

ஒமாலிசுமாப் போடுகிறவர்கள் நடுவில் ஐஜிஈ பார்த்துப் பயப்பட வேண்டாம். மருந்து ஐஜிஈயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரத்தத்திலேயே சுற்றுவதால் எண் ஏறித்தான் காட்டும். அளவை அதை வைத்து மாற்ற மாட்டார்கள். எங்களுக்கு லாபில் ஒருவர் தானாகவே "இதையும் பார்த்துருவோமே" என்று எடுத்து, காசும் வாங்கி, இரண்டு நாள் தூக்கத்தையும் கெடுத்தார்.

அக்கா இன்னும் தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கிற பக்கம்தான் வேலை. மாற்றித் தரச் சொல்லி டொக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார், அது கணக்கப்பிள்ளை மேசையில் கிடக்கிறது. அதுவரை முகக்கவசம், வேலை முடிந்து வந்ததும் கழுவுதல். வருடக் கணக்கு அடுத்த மாதம், அதற்கான வெள்ளைத் தாளை இப்போதே கொப்பிக்குள் வைத்துவிட்டேன்.